பின் சீற்றிலிருந்து ஒரு விண்ணப்பம்

தலைவர் அவர்கள்,
வீதி அபிவிருத்தி அதிகார சபை,
பத்தரமுல்ல.

விடயம்: வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டு சிறு பிள்ளைகளோடு காரில் குடிபெயர்தல்

ஐயா / அம்மணி,

மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, லிப்ட் அடிக்கடி ஓய்வெடுக்கும் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. தாய் அரசாங்க உத்தியோகத்தர். இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. தகப்பன் கணக்காளர். எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று அவருடைய முதலாளி பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்; எங்கிருந்து செய்தாலும் சம்பளம் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. ஒரு பழைய வாகன் ஆர் கார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தடுக்கி விழுந்தால் இப்படி ஒரு குடும்பத்தின் மேல்தான் விழவேண்டும் என்பதால் பெயர் எழுதவில்லை.

சாமான்களைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையில் மாமா முறையான ஒருவர் லொறி பிடித்துத் தந்திருக்கிறார். கட்டில், அலுமாரி, பிறிட்ஜ், அம்மம்மாவின் ஆட்டுக்கல் எல்லாம் முதல்நாள் இரவே போய்விடும். லொறிக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: “எத்தினை அடி லொறி வேணும்?” பிள்ளைகளுக்கு அப்படி அடிக்கணக்கு இல்லை. அவர்களை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொண்டுபோவதற்குத் தாய் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறார்.

ரயிலில் போகலாமே என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பெழுதக்கூடும். யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. 1990 இல் நின்றது. யாழ்ப்பாணம் வரை மறுபடி வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரில். பிறகு 2024 இல் மாஹோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் திருத்த வேலை என்று மாதக்கணக்கில் கொழும்பிலிருந்து வடக்குக்கு நேர் ரயில் இல்லை. அது புகையிரதத் திணைக்களத்தின் பாடு, தங்களுடையது அல்ல என்பது தெரியும். வெள்ளவத்தையில் இரவு எட்டு ஒன்பது மணிக்கு வரிசையாக நின்று ஆளேற்றும் யாழ்ப்பாண பஸ்களும் தங்களுடையவை அல்ல. ஆனால் வாந்தி எடுக்கும் மகனும், அவன் வாந்தியைப் பார்த்து வாந்தி எடுக்கும் மகளும் உள்ள குடும்பம் பஸ்ஸில் ஏறினால், மற்றப் பயணிகளும் ஒரு கடிதம் எழுதவேண்டி வரும். ஆகவே கார்.

இனி வழி. கொப்பியின் முதல் பக்கத்தில் தகப்பன் படம் போட்டு விளக்கியிருக்கிறார். முதலாவது தெரிவு, தங்கள் மத்திய அதிவேக நெடுஞ்சாலை. திட்டப்படி அது கடவத்தையில் தொடங்கி மீரிகம, குருநாகல் கடந்து தம்புள்ளைக்குப் போகவேண்டும்; பொத்துஹெரவிலிருந்து கலகெதர நோக்கி ஒரு கிளை. மொத்தம் நான்கு பகுதி. பிள்ளைக்குத் தோசை பிய்த்துக் கொடுக்கும் தாய் ஓரத்திலிருந்து தொடங்குவாள். தாங்கள் நடுவிலிருந்து தொடங்கினீர்கள். இரண்டாம் பகுதியான மீரிகம – குருநாகல், சுமார் 40 கி.மீ., 2022 ஜனவரி 15 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் வரவேண்டிய கடவத்தை – மீரிகம 37 கி.மீ. சீன எக்சிம் வங்கிக் கடனை நம்பியிருந்தது. திறப்பு விழா நடந்த அதே ஆண்டில் நாடு வங்குரோத்தாகியது, அந்தப் பகுதியில் எழுப்பிய தூண்கள் நின்ற இடத்தில் நின்றன. 2025 செப்டெம்பரில்தான் வேலை மறுபடி தொடங்கியது.

ஆகவே வெள்ளவத்தைக் குடும்பம் அதிவேகமாகப் போக விரும்பினால், முதலில் கிரிபத்கொடையிலும் கடவத்தையிலும் நிட்டம்புவவிலும் ஊர்ந்து, மீரிகமவில் காசு கட்டி ஏறி, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பறந்து, மகன் கண்ணயரும் நேரத்தில் குருநாகலில் இறங்கி, பாதெனியச் சந்தியில் மறுபடி ட்ராக்டருக்குப் பின்னால் நிற்கவேண்டும். கண்ணயர்ந்த பிள்ளை அந்த இடத்தில் எழும்பும். எழும்பிக் கேட்கும் கேள்வி தங்களுக்கும் தெரிந்ததே: “யாழ்ப்பாணம் வந்திட்டுதா?”

தெற்கே போகிற பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2011 இல் கொட்டாவையிலிருந்து காலி வரை. 2014 இல் மாத்தறை வரை. 2020 பெப்ரவரியில் மத்தள வரை. விமானமே வராத விமான நிலையம் என்று உலகப் பத்திரிகைகளில் பெயரெடுத்த மத்தளவுக்கு ஒரு சமிக்ஞை விளக்கும் குறுக்கிடாமல் போகலாம். நடுவில் வெலிப்பன்னையில் இறங்கினால் கழிவறை, தேநீர், பிள்ளை ஓடித்திரிய இடம். பொறாமை இல்லை. வெலிப்பன்னையின் படத்தைத் தாய் கொப்பியில் ஒட்டவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறோம்.

இரண்டாவது தெரிவு புத்தளப் பாதை. கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி இறங்கி, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், பிறகு வில்பத்துக் காட்டின் ஓரமாக அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா. நெரிசல் குறைவு. யானை வரலாம். மகன் இந்த வழிக்குத்தான் வாக்களித்திருக்கிறான். வரும் யானையைத் தகப்பன் எப்படிச் சமாளிப்பார் என்பது அவனுடைய திணைக்களம் அல்ல.

எந்த வழி போனாலும் மதவாச்சிக்கு அப்பால் ஏ-9 தான். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கி.மீ. ஓமந்தைக்கு அப்பால் நேர்கோடாகக் கிடக்கும் நல்ல தார். இதில் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் இந்தப் பாதையில் பிள்ளைகளோடு போவதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு கொப்பி எழுதியிருக்கிறது. தொண்ணூறுகளில் தாயின் தாய் எழுதியது கிளாலிக் கடலேரியில் இரவில் வள்ளம் ஏறும் கொப்பி: பிள்ளை அழாமலிருக்கச் சீனி தொட்ட விரல். 2002 இல் சமாதானம் வந்து பாதை திறந்தபோது, ஒரே பயணத்தில் இரண்டு அரசாங்கம். ஓமந்தையில் இராணுவம் பை திறந்தது. அதைக் கடந்ததும் புலிகளின் ஆயப்பகுதி அதே பையைத் திறந்து வரி கேட்டது. வேகமாகப் போனால் அவர்களுடைய காவல்துறையும் தண்டம் எழுதியது. முகமாலையில் மறுபடி இராணுவம். 2006 ஓகஸ்ட் 11 இல் அதுவும் மூடப்பட்டது. கலியாணத்துக்கென்று கொழும்புக்கு வந்தவர்கள் மாதக்கணக்கில் கலியாணவீட்டுச் சேலையோடு உறவினர் வீடுகளில் மாட்டிக்கொண்டார்கள். இன்று எழுபதுக்கு மேல் போனால் மரநிழலிலிருந்து ஒரு பொலிஸ்காரர் மட்டுமே வெளிப்படுகிறார் என்பது முன்னேற்றந்தான்.

இப்போது கொப்பியின் நடுப்பக்கம். தாய் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்: சிறுநீர். ஆறு வயதுப் பிள்ளை சொல்லும், ஆனால் அடக்காது. மூன்று வயதுப் பிள்ளை அடக்கும், ஆனால் சொல்லாது. பக்கத்தை நான்கு கோடாகப் பிரித்து இடம், நேரம், தண்ணீர், கொளுக்கி என்று தலைப்பிட்டிருக்கிறார். போய்வந்த சொந்தக்காரர் எல்லோரையும் தொலைபேசியில் விசாரித்து நிரப்பிய பட்டியல் அது. சில பெற்றோல் செட்களில் கதவு உண்டு, கொளுக்கி இல்லை. சில சாப்பாட்டுக் கடைகளில் கொளுக்கி உண்டு, தண்ணீர் இல்லை. ஒரு கடையில் இரண்டும் உண்டு, திறப்பு முதலாளியின் சட்டைப் பையில். ஆளுக்கொரு பணிஸ் வாங்கினால் திறப்பு கிடைக்கும். கொளுக்கி இல்லாத இடங்களுக்காக ஒரு முழச் சணல் கயிறு, பின் சீற்றுக்குக் கீழே ஒரு சின்னப் பிளாஸ்டிக் சட்டி, பத்துச் சொப்பின் பை, மூக்கில் பிடிக்கத் தேசிக்காய், இரண்டு போத்தல் கைகழுவும் தண்ணீர் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு நாட்டின் பிரதான வீதியில் போவதற்கு வீட்டிலிருந்து கயிறு கொண்டுபோகும் குடிமகள் தங்கள் திட்டமிடல் பிரிவுக்கு எவ்வளவு செலவை மிச்சப்படுத்துகிறார் என்பதைத் தயவுசெய்து கணக்கெடுக்கவும்.

“பத்தைக்குப் பின்னால போயிட்டு வா” என்று சொல்வதுதானே என்று கேட்கலாம். புத்தளத்தில் சொல்லலாம். வன்னி தாண்டியபின் எந்தத் தகப்பனுக்கும் அந்த வார்த்தை லேசில் வராது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளை ஏ-9 இன் இரண்டு கரையிலும் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். போர் முடிந்து பதினைந்து ஆண்டு தாண்டிய பிறகும் முகமாலையில் மிதிவெடி கிளறினார்கள். வெடி அகற்றிய நிலம் நல்ல நிலம் என்று கடதாசியில் எழுதித் தந்தாலும், பிள்ளையின் காற்சட்டையைக் கழற்றி நிற்கவைக்கும் தகப்பனின் கண் முதலில் மண்ணைத்தான் பார்க்கும்.

இந்த முழுப் பாதையிலும் எல்லா வாகனமும் தானாக நிற்கும் இடம் ஒன்று உண்டு: முறிகண்டி. அங்கே எந்த அமைச்சரும் தரிப்பிடம் என்று பலகை நடவேண்டி வரவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கி, சாரதி முகம் கழுவி, பிள்ளைகள் கால் நீட்டி, பிறகுதான் வண்டி எடுப்பது. சிங்களச் சாரதிகளும் இறங்கிக் கும்பிடுகிறார்கள். நீண்டதூரம் ஓடும் சாரதி இடையிடையே ஓய்வெடுக்கவேண்டும் என்று வீதிப் பாதுகாப்பு நிபுணர்கள் இன்று சொல்வதை முறிகண்டியார் ஆலோசனைக் கட்டணம் எதுவும் வாங்காமல் அமுல்படுத்திக்கொண்டிருக்கிறார்.

எரிபொருள் பற்றிச் சுருக்கமாக. 2022 ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 20 கி.மீ. ஓடினால், அதாவது ஏசி போடாமல், சாமான் ஏற்றாமல், பிள்ளைகளையும் ஏற்றாமல் ஓடினால், அந்த 20 லீற்றர் யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விடும். திரும்பிவர அடுத்த வாரம் வரை காத்திருக்கவேண்டும். 2023 செப்டெம்பரில் கியூஆர் நிறுத்தப்பட்டுவிட்டது. தகப்பன் இன்றும் பெற்றோல் முள்ளைப் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. கார் பழசு, மாற்றினால் என்ன என்ற கேள்விக்கு, 2020 முதல் 2025 தொடக்கம் வரை நாட்டுக்குள் கார் வரவே தடை என்பதும், வாங்கிய விலையைவிடப் பழைய காரின் விலை ஏறிவிட்டதும், அதற்குப் பிறகு வந்த கார்களின் விலையைக் கேட்டு அவர் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டதும் பதில்.

பள்ளிக்கூடம்? விடுகைப் பத்திரம் எடுக்கப் புதிய பள்ளிக்கூடம் சம்மதிக்கவேண்டும். அது சம்மதிக்க வதிவிட அத்தாட்சி வேண்டும். அத்தாட்சிக்கு மின்சாரப் பட்டியல் வேண்டும். பட்டியல் வர அங்கே குடியிருக்கவேண்டும். இதுவும் தங்கள் பகுதியல்ல.

இவ்வளவு திட்டமும் சனங்களே போடவேண்டியிருக்கிறது, அரசாங்கம் ஒருமுறையாவது குடிபெயர்வை முழுசாகப் பொறுப்பெடுக்கக்கூடாதா என்று தாய் அலுத்துக்கொண்டபோது, கொட்டாஞ்சேனை மாமா சிரித்தார். எடுத்திருக்கிறது. 2007 ஜூன் 7. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸாரும் இராணுவத்தினரும் விடியமுன் எழுப்பினார்கள். வெளிநாட்டு வேலைக்கும் வைத்தியத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் வந்து தங்கியிருந்தவர்கள். கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். சாமான் கட்டச் சில நிமிடங்கள். பஸ் இலவசம். வழியைத் தெரிவு செய்யும் தலையிடி கிடையாது. அப்படி 376 பேர் வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான மையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். சிலரைத் திரும்பவும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். மாமாவின் லொட்ஜ் அறைத்தோழர் ஒருவர் வவுனியாவில் இறங்கி, அங்கே தெரிந்தவர் யாருமில்லாததால், அதே பஸ் தரிப்பிடத்தில் படுத்திருந்தாராம். தாய் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அரசாங்கம் ஒழுங்கு செய்த பயணத்தில் கழிவறை நிறுத்தங்கள் எத்தனை என்பதற்குப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

எனவே வேண்டுகோள் பெரிதல்ல. மத்திய அதிவேக நெடுஞ்சாலையை யாழ்ப்பாணம் வரை கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. மகனுக்குப் பேரன் பிறக்கும் காலத்தில் அதைப் பற்றிப் பேசலாம். ஐம்பது கிலோமீற்றருக்கு ஒரு கழிவறை. கதவு, தண்ணீர், உள்ளே பூட்ட ஒரு கொளுக்கி. வாசலில் நிழல் தரும் ஒரு வேம்பு. இவற்றின் வரைபடத்தை அங்கீகரிக்கும் குழுவில், மூன்று வயதுப் பிள்ளையோடு ஏ-9 இல் ஒருமுறையாவது போய்வந்த ஒரு தாய். சம்பளம் வேண்டாம், கொப்பியை அவரே கொண்டுவருவார். கொளுக்கி வாங்கக் கேள்விப்பத்திரம் கோருவதில் தாமதம் ஏற்படும் என்றால், வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்து இரும்புக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது. மூன்றாம் மாடிக் குடும்பம் சிலவற்றை வாங்கிப் போகிற வழியில் தானே பூட்டிவிடவும் தயார். திருகாணி முடுக்கி காரின் முன்பெட்டியில் இருக்கிறது. அனுமதி மட்டும் எழுத்தில் தரவும்.

புறப்பாடு அதிகாலை நான்கு மணி. பிள்ளைகளை நித்திரையில் தூக்கிக்கொண்டு படியிறங்கவேண்டும். அதற்கு முன் பதில் கிடைத்தால் பேருதவி.

இப்படிக்கு,
பின் சீற்றுப் பயணிகள் சார்பில்

பிரதிகள்:
புகையிரதத் திணைக்களம் – தகவலுக்காக
கல்வி அமைச்சு – தகவலுக்காக
பொலிஸ் திணைக்களம், மரநிழல் பிரிவு – தகவலுக்காக
முறிகண்டிப் பிள்ளையார் – அவசிய நடவடிக்கைக்காக