பாஸா, டிக்கெட்டா?

போன சனிக்கிழமை காசு கொடுத்துக் கச்சேரி கேட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை. இன்னும் உடம்பு ஒரு நிலைக்கு வரவில்லை.

டிக்கெட் ஆயிரம் ரூபாய். தொலையட்டும். அதற்குமேல் 'வசதிக் கட்டணம்' என்று எழுபது சொச்சம் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கு வசதி? செயலியைத் தேடி இறக்கியது நான், நாற்காலியைப் பொறுக்கியது நான், கண்ணாடியைக் காணாமல் ஓடிபிக்குத் தவித்ததும் நான்தான். வேலை என்னுடையது, கூலி அவர்களுக்கு. அந்த வசதிக்கு ஜிஎஸ்டி வேறு. எந்த அரங்கம் என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கே அங்கே பாஸ் கேட்டுப் போய் நிற்கவேண்டியிருக்கும்.

இதைக்கூட ஜீரணித்துவிட்டேன். வர்ணம் ஆரம்பிக்கும் முன் பக்கத்து நாற்காலி மாமா என் பக்கம் சாய்ந்து, "பாஸா?" என்றார்.

"டிக்கெட்."

"அடப்பாவமே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

அவரை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் கச்சேரி முடியும்வரை, பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்தவனைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மும்பை மாதுங்காவில் டிக்கெட் வாங்குகிறவன் பணக்காரன் இல்லை. நாதியில்லாதவன்.

இலவசமாகக் கேட்டால் சங்கீதம் ஏன் கூடுதலாக இனிக்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு அருமையான காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் பாஸ்.

எனக்கு வந்துகொண்டிருந்த பாஸின் கோத்திரம், பிரவரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். விளம்பரம் கொடுக்கும் வங்கிக்கு இருபது பாஸ் போகும். அங்கே மேலாளர் கிஷோர் குமார் ரசிகர். தன் பங்கை உதவி மேலாளர் தலையில் கட்டிவிடுவார். உதவி மேலாளரின் சம்பந்தி டோம்பிவிலியில். அவருக்கு முழங்கால் வலி, ஸ்டேஷன் படி ஏற முடியாது. ஆகவே பாஸ் அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதருக்கு, முலுண்டுக்குப் போகும். முலுண்டுக்காரர் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மாதுங்காவில் பூக்கடைகளுக்கு எதிர்மாடியில் இருக்கும் தங்கையிடம் கொடுப்பார். தங்கையின் வீட்டுக்காரர்தான் எங்கள் பாஸ் மாமா. அவரிடமிருந்து செம்பூரில் இருக்கும் எனக்கு வந்து சேர்வதற்குள் பாஸின் நான்கு மூலையும் மடங்கி, ஒரு பக்கம் காப்பிக் கறையும் இன்னொரு பக்கம் யாரோ எழுதிவைத்த மளிகைக் கணக்கும் இருக்கும்.

இதற்குக் கைம்மாறாக நான் செய்தவை: விடிகாலை மூன்று மணிக்கு விமான நிலையத்துக்கு நான்கு முறை. அவர் பேரனுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கக் கணக்குப் பாடம். வருஷா வருஷம் மே மாதம் ஒரு பெட்டி ஹாபூஸ் மாம்பழம். மாமா இயற்றிய கீர்த்தனைகளை, மாமாவே பாட, முகம் மாறாமல் கேட்டது. இதற்கு விலை போடவே முடியாது. மற்றதைக் கூட்டிப் பார்த்தால் பாஸ் ஒன்றுக்கு நாலாயிரத்துக்குக் குறையாது. ஆனாலும் அது ஓசி. ஓசி என்றால் ஓசிதான்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா அரங்கில் 2,763 இருக்கைகள். 1990இல் அது தீப்பிடித்து, திரும்பத் திறக்க 1998 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் யாருக்கும் ஃபோன் செய்துகொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி 1962இலிருந்து இருக்கிறது. "மெம்பராகச் சேர்ந்துடுங்கோளேன்" என்று மனைவி இருபது வருஷமாகச் சொல்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாஸ்கூட வேண்டாத சங்கீதமும் இந்த ஊரில் உண்டு. குர்லாவில் வண்டி மாறினால் காலையில் பஜனைப் பெட்டி. கல்யாண் பக்கத்திலிருந்து வரும் குமாஸ்தாக்கள் ஜால்ராவும் டோலக்குமாக அபங்கம் பாடுவார்கள். மூச்சு விட இடமில்லாத கூட்டத்தில் அவர்களில் முன்பாட்டுப் பாடுகிறவருக்கு மட்டும் எங்கிருந்துதான் மூச்சு வருகிறதோ, மேல் ஸ்தாயியில் நின்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். என் காதுக்கும் அவர் வாய்க்கும் நடுவே நாலு அங்குலம். ஆயிரம் ரூபாய் டிக்கெட்டில் கிடைக்குமா இந்த இடம்? தாராவியில் அம்மன் கோயில் கொடை என்றால் மேளச் சத்தம் சயான் பாலம்வரை வரும். பொங்கலன்று தொண்ணூறு அடி ரோட்டில் நடந்தால் போதும், காதுக்குப் பஞ்சமில்லை.

ராமநவமி சமயத்தில் மாதுங்கா ஆஸ்திக சமாஜம் கோயில் கச்சேரிப் பக்கம் போய்விடுவேன். கைக்குட்டை போட்டுப் பிடித்த இடம், பித்தளை மணி, சுண்டல். பல்லவி எடுக்கும்போது பின்னால் ஒரு மாமி அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்வாள், யாரும் முறைக்கமாட்டார்கள். ஒரு வருஷம் மிருதங்கம் வாசித்த பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் பிய்த்து உதறினான். முடிந்ததும் கழுத்தில் பொன்னாடையும் தோளில் மிருதங்கமுமாக பஸ் ஸ்டாப்பில் நின்றான். கையில் என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுண்டல் இறங்கியிருக்காது.

சரி, அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

ஃபோன். புது நம்பர். சனிக்கிழமை பக்கத்து நாற்காலியில் இருந்த மாமா. போகிற அவசரத்தில் என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாராம், எனக்கு ஞாபகமே இல்லை.

"அடுத்த மாசம் ரெண்டு பாஸ் வரது. எடுத்து வைக்கட்டுமா?"

"வையுங்கோ மாமா, வையுங்கோ!"

"பேஷ். ஆமா, உங்ககிட்ட கார் இருக்கோ?"