கடைசிக் காமராவில் பல்ப் மங்குவது குறித்து ஓர் ஆய்வு

பலாங்கொடையிலிருந்து எட்டியாந்தோட்டை வரை பழைய லயங்களில் விடிய ஐந்து மணிக்கு ஒரு நிகழ்வைக் காணலாம். யாரோ கேத்தலைப் போடுகிறார்கள். கடைசிக் காமராவில் பல்ப் மங்குகிறது. பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் இதற்கு ஆய்வு மதிப்பு தரப்படாதது பெருங்குறை.

இதில் இரண்டு மரபுகள் உண்டு. "அந்த வீட்டு அக்கா கரண்ட இழுத்துக்கிறா" என்பது பழைய மரபு. "போஸ்ட்லயே கொறச்சலாத்தான் வருது" என்பது புதிய மரபு. இருதரப்பும் இஸ்தோப்பில் நின்று வாதாடியதுண்டு; கணக்குப் போட்டதில்லை.

மூல சூத்திரம் ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்டது: அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. பெருக்கினால் வலு. சாதாரண தரப் பிள்ளைக்கும் தெரிந்ததே. நம் நாட்டு அழுத்தம் 230 வோல்ட். 60 வாட் குண்டு பல்ப் இழுப்பது சுமார் 0.26 அம்பியர், அப்படியானால் அதன் தடை ஏறத்தாழ 880 ஓம்.

இங்கே ஒரு பாடபேதம். கழற்றிய பல்பை மீற்றரில் வைத்தால் 60, 70 ஓம்தான் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் பல்பின் வலு 750 வாட்டைத் தாண்டும், சட்டையே தேய்த்துவிடலாம். மீற்றரும் பொய் சொல்லவில்லை, சூத்திரமும் பொய் சொல்லவில்லை. எரியும்போது இழை ஏறத்தாழ 2500 பாகை செல்சியசுக்குச் சூடாகிறது. சூடு ஏறத் தடையும் ஏறுகிறது. குளிர்ந்த பல்பைச் சாட்சிக்கு அழைத்தவர்களால் வந்த குழப்பம் இது.

இனி அக்கா விடயம். அவருடைய கேத்தல் 2000 வாட், தடை 26.45 ஓம். கடைசி இரண்டு காமராக்களுக்கும் ஒரே மெல்லிய வயர் போகிறது, போக வர அதன் தடை 2 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 28.45 ஓம், ஓட்டம் சுமார் 8.1 அம்பியர். வயரிலேயே 16 வோல்ட் விழுகிறது. காமராவுக்குள் மிஞ்சுவது 214. பல்ப் சுமார் 52 வாட்டுக்கு இறங்குகிறது. அக்காவின் கேத்தலும் தப்பவில்லை: 1730 வாட்தான். அவருக்கும் தண்ணீர் கொதிக்கச் சுணங்குகிறது; அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

குற்றவாளி வயர். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் அது விழுங்குவது சுமார் 130 வாட், இரண்டு பல்பை எரித்து மீதியும் வரும். பேர்ப்பதிவில் இல்லாத இந்தக் குடித்தனக்காரர் சுவருக்குள் படுத்துக் குளிர் காய்கிறார். மின்மானிக்கு இப்பால் படுத்திருந்தால் அதற்கும் பில் வரும். பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவ நீர்மின் நிலையம், 120 மெகாவாட், கணக்குப்படி அறுபதாயிரம் கேத்தல்களைத் தாங்கக்கூடியது. அந்த அணையின் வலக்கரையிலும் கசிவு உண்டு என்பதை ஒப்புநோக்குக.

பரிகாரம் தடித்த வயர். செம்பின் குறுக்குப் பரப்பை இரட்டித்தால் தடை பாதியாகும், வயர் விலையும் ஏறும். அதனால் இரண்டு மரபுகளும் தொடர்ந்து வாழ்கின்றன.

ஆனால் ஆய்வுப்பொருளே இப்போது அழிவின் விளிம்பில். எல்ஈடி பல்புகளில் பெரும்பாலானவை இந்த அளவு இறக்கத்துக்கு மங்குவதில்லை. கேத்தல் போட்டது யாருக்கும் தெரியாமற் போகிறது. எந்த லயத்திலாவது 60 வாட் குண்டு பல்ப் இன்னும் எரிந்தால், கழற்றாமல் வைத்திருக்கும்படி ஆய்வாளர் சார்பில் வேண்டப்படுகிறது.