டெராபைட்டார்

டெராபைட்டார் எதையும் அழிக்க மாட்டார். மூத்த மகள் கல்யாணத்தை எடுத்த மினிடிவி (MiniDV) வீடியோ கேசட்டுகளை, மணிக்கு 13 ஜிபி வீதம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருக்கிறார். அதற்கு ஒரு நகல். நகல் கெட்டுப்போனால்? நகலுக்கு ஒரு நகல். பந்தியில் யாருக்கோ ரசம் ஊற்றுகிற கை மட்டும் தெரியும் இருபது நிமிடம்கூட மூன்று பிரதிகளாகப் பத்திரமாக இருக்கிறது. மாமி ஐஸ்கிரீம் டப்பாக்களைக் கழுவி அடுக்கினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "இதெல்லாம் எதுக்குச் சேத்து வெக்கறே?"

வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்தவரை எந்த மனுவையும் பரிசீலிக்காமல் விட்டதில்லை, பரிசீலித்து முடித்ததும் இல்லை. இப்போது மனு கொடுக்க ஆளில்லாததால் கம்ப்யூட்டர் உதிரிபாகங்களைப் பரிசீலிக்கிறார்.

சித்திரையில் ஐந்தாவது டிஸ்க் வாங்கினார். மதர்போர்டிலோ சாட்டா போர்ட் நாலுதான். "ஒரு கார்டு வாங்கிச் செருகிட்டாப் போச்சு மாமா" என்றேன், விவரம் தெரியாமல்.

"அப்படியெல்லாம் கையெழுத்துப் போட முடியாது தம்பி."

முதல் மனுதாரர், விரல் நீளத்தில் நாலு போர்ட் கொண்ட சின்னக் கார்டு. "இதுக்கு ஒரே ஒரு லேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0, வினாடிக்கு 500 எம்பி. டிஸ்க் ஒவ்வொண்ணும் 200 தரும். நாலும் சேந்து ஓடினா 800 ஆச்சே, மீதி எங்க போகும்?"

"நாலும் ஒண்ணா எப்ப மாமா ஓடும்?"

"ஓடாது. ஓடினா?"

தள்ளுபடி.

அடுத்தது ஏஎஸ்எம்1166 சிப் வைத்த கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, இரண்டு லேன், ஆறு போர்ட். அதிகம் சூடாகாது, கரண்ட் தின்னாது, விலையும் கையைக் கடிக்காது. என்னைக் கேட்டால் விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அவர் கையில் வைத்து எடை பார்த்தார். "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு." அவருக்கு சர்வரில் உழைத்த கார்டுதான் வேண்டும். முன்அனுபவம் கேட்டுப் பழகியவர்.

ரிச்சி தெருவுக்குப் போய் மலிவாக ஒன்றைப் பிடித்து வந்தார். உள்ளே 1068இ சிப். அதன் காலத்தில் 2 டிபிக்கு மேல் டிஸ்க் பார்த்ததில்லை. அவருடைய 4 டிபி டிஸ்க்கையும் 2 என்றே சாதித்தது. "பாதிச் சொத்து கண்ணுக்கே தெரியலையே" என்று அன்று ராத்திரி மோர் மட்டும் குடித்தார்.

மறுவாரம் எல்எஸ்ஐ 9211-8ஐ வந்தது. எட்டு டிஸ்க் தாங்கும். ஆனால் ரெய்டு ஃபர்ம்வேரோடு வந்தது. "கார்டு சொந்தமா யோசிக்கக் கூடாது தம்பி. டிஸ்க்க உள்ளது உள்ளபடி காட்டணும், அவ்வளவுதான். ஐ.டி. மோடுக்கு மாத்தணும்." முப்பது வருஷம் தேடிக் கிடைக்காத கிளார்க் கிடைத்துவிட்ட நிறைவு அவர் முகத்தில்.

மாமி எட்டிப் பார்த்தார். "ஐ.டி.யா? அப்ப நம்ம மாப்பிள்ளை மாதிரி ராத்திரியெல்லாம் தூங்காதோ?"

"தூங்காது" என்றார் பெருமையாக.

அப்புறம் கேபிள். ஒரு முனையில் பட்டையாக ஒரு தலை, மறுமுனையில் நாலு சாட்டா வால். இதில் இரண்டு ஜாதி உண்டு. கார்டிலிருந்து டிஸ்க்குகளுக்குப் போவது ஒன்று. மதர்போர்டு போர்ட்டுகளிலிருந்து சர்வர் பெட்டியின் பின்பலகைக்குப் போவது இன்னொன்று. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் உள்ளே கம்பி எதிரும் புதிருமாக ஓடும். டெராபைட்டார் வாங்கியது இரண்டாவது. ஒன்பது நாள் ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை. பவர் சப்ளையைச் சந்தேகித்தார், ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றினார், வோல்டேஜ் குறைவு என்று மின்வாரியத்தைத் திட்டினார், கடைசியில் சந்திராஷ்டமம் பார்த்தார். கேபிளை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது அவரே தேர்ந்தெடுத்தது.

கேபிள் மாறியது, டிஸ்க்குகள் வரிசையாகக் கண் திறந்தன. கார்டோ தொட்டால் சுட்டது. சர்வர் அறைப் புயல்காற்றில் வளர்ந்த பிள்ளை, மாம்பலத்துப் புழுக்கத்தை எப்படித் தாங்கும்? குட்டி ஃபேன் ஒன்றை வாங்கி அதன் தலைமேல் டேக் போட்டுக் கட்டினார்.

"ஏன்னா, சமையலறைக்கு ஒரு ஃபேன் கேட்டு நாலு வருஷமாச்சு" என்றார் மாமி.

"அது பரிசீலனையில இருக்கு."

நேற்று மாடிப்படியில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. கார்டில் எட்டு, போர்டில் நாலு, ஆகப் பன்னிரண்டு போர்ட்; டிஸ்க் ஐந்து. காலியாகக் கிடக்கும் ஏழும் கண்ணை உறுத்துகின்றனவாம்.

"உன் கல்யாண வீடியோ ஏதாவது இருக்கா தம்பி?"

"எனக்கு இன்னும் ஆகல மாமா."

"பரவாயில்ல. ஆறாவது போர்ட்ட உனக்குன்னு ஒதுக்கி வெக்கறேன்."