லாகோஸ் இருட்டுக்குப் பொறுப்பானவருக்கு ஒரு மனு

பெறுநர்:
லாகோஸ் மாநகரின் இரவு மின்சாரத்துக்குப் பொறுப்பான அலுவலர் (எவராயினும்),
நைஜீரியா.

பொருள்: ஊருக்குப் புதிதாக வந்த பயணி ஒருவருக்கு முதல் இரவே இருட்டு வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

முர்தலா முகம்மது விமான நிலையத்தில் இறங்கி, மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட டான்ஃபோ வேன்களின் நெரிசலில் ஊர்ந்து, சுருலேரே பகுதியில் ஒரு சிறிய விடுதிக்கு வந்து சேர்ந்தார் பயணி ஒருவர். மேற்கு ஆப்பிரிக்காவில் அவர் கால் வைப்பது இதுவே முதல் தடவை. வழியனுப்பியவர்கள் திருடனைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். கொசுவைப் பற்றியும் சொல்லியிருந்தார்கள். தங்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையைத் தாங்களே முன்வந்து தீர்த்து வைத்தீர்கள்.

அறைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவர் படித்துக்கொண்டிருந்தார். "ஜெனரேட்டர் ஓடும்போது ஏ.சி., இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போடக் கூடாது" என்ற வரிக்கு வந்தபோது விளக்கு அணைந்தது. அறிவிப்புக்கு இவ்வளவு உடனடியாக விளக்கம் தரும் நிர்வாகத்தை அவர் வேறெங்கும் கண்டதில்லை.

வரவேற்பறைக்கு ஓடிவந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். அங்கிருந்த பெண் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "நோ லைட், சார்" என்றார். அந்தக் குரலில் புகாரும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வெளியே மழை தூறுகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அதற்குள் கொல்லைப்புறத்தில் வேலை தொடங்கிவிட்டது. ஒரு பையன் கைபேசியின் டார்ச்சை எரியவிட்டுப் பல்லால் கவ்விக்கொண்டான். பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். சோக்கை இழுத்துவிட்டு, காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் இயந்திரம் இருமிக்கொண்டு பிடித்தது. பிறகு சுவரிலிருந்த சேஞ்ச்ஓவர் சுவிட்சின் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினான். விடுதியில் பாதி விளக்குகள் எரிந்தன. அவன் மின்பொறியாளன் அல்லன். மாலையில் கேட்டைத் திறந்துவிட்டவன்.

பக்கத்து வளவிலும் ஒரு ஜெனரேட்டர் உறுமியது, எதிர்வீட்டிலும், தெருக்கோடியிலும். இருப்பதிலேயே சின்ன ரகத்துக்கு ஊரார் வைத்த செல்லப்பெயர் 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்', அதாவது அண்டை வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல். நாலு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு டி.வி. அதன் எல்லை. அதற்கு மேல் ஏற்றினால் மூச்சு நின்றுவிடும்.

ஐயா, தங்கள் முகவரியைத் தேடித்தான் பெரும்பாடாகிவிட்டது. லாகோசுக்கு மின்சாரம் நேற்று வந்ததல்ல. 1896-லேயே இங்கே மின் உற்பத்தி தொடங்கியது. 1950-இல் நைஜீரிய மின்சாரக் கழகம் அமைந்தது. 1972-இல் அதையும் நைஜர் அணைகள் ஆணையத்தையும் சேர்த்து 'நெப்பா' என்ற தேசிய மின்வாரியம் ஆக்கினார்கள். 2005-இல் நெப்பாவைக் கலைத்து பி.எச்.சி.என். என்று போர்டு மாட்டினார்கள். 'ப்ராப்ளம் ஹேஸ் சேஞ்ச்டு நேம்', அதாவது பிரச்சினை பெயரை மாற்றிக்கொண்டது என்று ஜனங்கள் அதற்கு விரிவாக்கம் சொன்னார்கள். 2013 நவம்பரில் அதையும் பிரித்துத் தனியாரிடம் கொடுத்தார்கள்: உற்பத்திக்கு ஆறு நிறுவனங்கள், விநியோகத்துக்குப் பதினொன்று. நடுவிலிருக்கும் உயரழுத்தக் கம்பி அரசின் கையில். எல்லோருக்கும் மேலே ஓர் ஒழுங்குமுறை ஆணையம். 2023-இல் வந்த சட்டம் மாநில அரசுகளுக்கும் ஒரு நாற்காலி போட்டது.

இந்த ஏற்பாட்டின் அழகே சுற்றில் இருக்கிறது. விநியோகக்காரரைக் கேட்டால், மேலிருந்து வரவில்லை என்பார். கம்பிக்காரரைக் கேட்டால், உற்பத்தி போதவில்லை என்பார். உற்பத்தியாளர், எரிவாயு வரவில்லை என்பார். எரிவாயுக்காரர், பழைய பாக்கி வரவில்லை என்பார். பாக்கி ஏன் வரவில்லை? விநியோகக்காரர் வசூலித்துக் கொடுக்கவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டால், மின்சாரமே வராமல் எதற்குப் பணம் என்பார். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை என்பதால் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

இத்தனைக்கும், உறுதிசெய்யப்பட்ட எரிவாயு இருப்பில் ஆப்பிரிக்காவிலேயே முதலிடம் நைஜீரியாவுக்கு. பான்னி தீவிலிருந்து 1999 முதல் திரவ எரிவாயு கப்பல் கப்பலாக வெளிநாடு போகிறது. உள்நாட்டில் சுமார் 13,000 மெகாவாட் உற்பத்திக்கான நிலையங்கள் கட்டி நிற்கின்றன. கம்பிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மெகாவாட். அதைத்தான் இருபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் உள்ள நாடு பங்கிட்டுக்கொள்கிறது. 2024-இல் தேசிய மின்கட்டமைப்பு பத்து முறைக்கு மேல் சரிந்து விழுந்தது. அந்த நாள்களில் மட்டும் பணக்காரப் பேட்டைக்கும் ஏழைப் பேட்டைக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. தாங்கள் கொண்டுவந்த சமத்துவத்தை யாரும் பாராட்டாதது வருத்தமே.

மற்ற நாள்களுக்கு அட்டவணை உண்டு. நுகர்வோரை ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறீர்கள். ஏ வகுப்புக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 20 மணி நேரம். ஈ வகுப்புக்கு 4 மணி நேரம். 2024 ஏப்ரலில் ஏ வகுப்பின் கட்டணத்தை யூனிட் 68 நைராவிலிருந்து 225 நைராவுக்கு ஒரே தாவலில் தூக்கினீர்கள். பிரீபெய்டு மீட்டர்காரர் பணம் கட்டியதும் இருபது இலக்க எண் ஒன்று வருகிறது. அதை மீட்டரில் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். மீட்டரே பொருத்தப்படாதவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வளவு எரித்திருப்பீர்கள் என்ற மதிப்பீட்டில் பில் போகிறது. எரியாத விளக்குக்கும் கணக்கு எழுதத் தெரிந்த குமாஸ்தா யார் என்றறிய பயணி ஆவலாக இருக்கிறார்.

நள்ளிரவை ஒட்டி அந்தப் பையன் ஜெனரேட்டரை நிறுத்தினான். காரணம் கேட்டதற்கு டேங்கைக் காட்டினான். 2023 மே மாதம் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே பெட்ரோல் மானியம் ஒழிந்ததாக அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் சில நாள்களில் 500-ஐ ஒட்டிப் போனது. அடுத்த ஆண்டு இறுதிக்குள் லாகோசில் 1,000 நைராவைத் தொட்டது. வீட்டுக்கு வீடு மின்வாரியம் நடத்தும் குடிமக்களின் உற்பத்திச் செலவு இப்படி ஐந்து மடங்காகியது. அவர்களுக்கு எந்த ஆணையமும் கட்டண உயர்வு அனுமதிக்கவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். திருட்டுக்குப் பயந்து ஜெனரேட்டரை இரவில் வீட்டுக்குள்ளோ நடையிலோ வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குடும்பத்தோடு தூக்கத்திலேயே இறந்தவர்களின் செய்தி நைஜீரியப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தச் சாவுகள் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை.

அதிகாலையில் மின்சாரம் வந்தது. தெரு முழுக்கச் சிறுவர் குரலில் "அப் நெப்பா!" என்று ஒரு கூச்சல். கலைக்கப்பட்ட வாரியத்துக்கு, அது கலைந்த பிறகு பிறந்த பிள்ளைகள் வாழ்த்துச் சொல்கிறார்கள். பயணி எழுந்து கைபேசி, கேமரா, டார்ச் எல்லாவற்றையும் சார்ஜில் போட்டார். ஒரே இரவில் அவர் லாகோஸ்வாசி ஆகிவிட்டார்.

தங்கள் மீது அதிபர் மாளிகைக்கே எவ்வளவு நம்பிக்கை என்பதும் தெரிந்ததுதான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அபுஜாவிலுள்ள அந்த மாளிகைக்குச் சூரிய மின்சாரம் அமைக்க 1,000 கோடி நைரா ஒதுக்கினார்கள். சுருலேரே பையனிடம் சோக்கும் கயிறும், அதிபரிடம் சூரியன்.

ஆகவே, பயணியின் சார்பில் பணிவான கோரிக்கைகள் மூன்று:

ஒன்று, ஈ வகுப்புக்கு உரிய அந்த நான்கு மணி நேரம் எப்போது வரும் என்பதை முந்தைய நாளே சொல்லுங்கள். மாவு அரைப்பவரும் ஐஸ் விற்பவரும் வெல்டிங் பட்டறைக்காரரும் அதற்கேற்பப் பிழைத்துக்கொள்வார்கள்.

இரண்டு, மீட்டர் பொருத்தாத வீட்டுக்கு பில் அனுப்புவதை நிறுத்துங்கள்.

மூன்று, விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்று ஒரே ஒரு பதவியின் பெயரும் தொலைபேசி எண்ணும் அறிவியுங்கள். அடுத்த மனுவிலாவது பெறுநர் பகுதியைச் சரியாக நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
பயணியின் சார்பில்.

நகல்: உற்பத்தி நிறுவனங்கள், விநியோக நிறுவனங்கள், கம்பி நிறுவனம், ஒழுங்குமுறை ஆணையம், அதிபர் மாளிகை – தகவலுக்காக. விடுதியின் கேட் பையன் – நடவடிக்கைக்காக.