காருக்குள் கார்காலம்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை இன்னும் வைத்திருப்பவருக்கு ஐப்பசி பிறந்தால் இரண்டு கவலை: வீட்டுக் கூரை, கார் கூரை.

கால்மிதியைத் தூக்கினால் அடியில் சின்னக் குட்டை. முடைநாற்றத்துக்கு எலியைத் தேடுவார்கள். செத்துக் கிடப்பது எலியல்ல, கண்ணாடி ஓர ரப்பர். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே மற்றவர் கீழிருந்து மேலாக ஹோஸ் பிடிக்க வேண்டும். சந்தேகமான ஓரத்தில் முகப்பவுடர் தூவினால் தண்ணீரே கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் தண்ணீர் வடிவதற்கு. அவற்றைத் துரு என்று நினைத்து எம்சீல் வைத்து அடைத்த புண்ணியவான்களும் உண்டு. பிறகு கதவைச் சாத்தினால் இளநீர் குலுக்கிய சத்தம்.

மரத்தடியில் நிறுத்துபவர்களே, முதலில் வைப்பருக்குக் கீழே சேர்ந்து தண்ணீர் வடியும் வழியை அடைக்கும் சருகை அள்ளுங்கள். மெக்கானிக்கை அப்புறம் கூப்பிடலாம்.