தோகை கட்டிய பசு

திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வாசலில், பித்தளைக் காமதேனு ஒன்றுக்கு என் மனைவி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் பொம்மையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் முகம், காதில் தோடு, கழுத்தில் அட்டிகை, முதுகில் இறக்கை, வயிற்றடியில் மடி. எல்லாம் சரி. வால் இருக்க வேண்டிய இடத்திலோ மயில் தோகை!

"அண்ணா, தோகை ஆண் மயிலுக்குத்தானே? அப்ப இது ஆணா, பொண்ணா?"

கடைக்காரர் பொம்மையைக் கவிழ்த்துக் காட்டினார். "மடி இருக்குது பாருங்க சார். வேற என்ன வேணும் உங்களுக்கு?"

வேறொன்றும் வேண்டாம்தான். பால் குடிக்கும் கன்றோ சாதாரணக் கன்று. மனித முகமும் இல்லை, இறக்கையும் இல்லை. அப்பா சாடை போலிருக்கிறது.

மயிலில் நீலக் கழுத்தும் தோகையும் ஆணுக்கு. பெண் மயில் மண் நிறத்தில், வீட்டுவேலையை முடித்துவிட்டு வந்தது மாதிரி நிற்கும். இந்தத் தோகையின் இறகைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று டார்வின் 1860-ல் ஒரு கடிதத்தில் புலம்பினார். பறக்க இடைஞ்சல், புலிக்கு வசதி, பிறகு எதற்கு? பெண் மயில் பார்த்துத் தேர்ந்தெடுக்கத்தான் என்று 1871-ல் புத்தகமே போட்டார். நாமோ அந்த ஆண் மயிலின் இறகைக் கணக்கு நோட்டுக்குள் வைத்து, குட்டி போடும் என்று காத்திருந்த ஜனங்கள்.

அம்மனின் சிங்க வாகனத்துக்கும் பிடரி உண்டு. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து அம்மன் கோயில் மதில்களில் மஞ்சள் பெயிண்டில் உட்கார்ந்திருக்கும் சிமெண்ட் சிங்கங்களையும் பாருங்கள்: எல்லாம் ஆண்பிள்ளைகள். காட்டில் பெரும்பாலும் வேட்டைக்குப் போவது பெண் சிங்கம். யானை முக யாளி இன்னும் மோசம். சிங்கத்திடம் பிடரியை வாங்கி, யானையிடம் தந்தத்தையும் வாங்கிக்கொண்டது. நம் ஊர்ப் பெண் யானைக்கு நீண்ட தந்தம் கிடையாது. ஆக, யாளி இரண்டு மடங்கு ஆண்.

முருகன் வீட்டில் மட்டும் குழப்பமே இல்லை. மாமரமாய் நின்ற சூரபத்மனை வேல் பிளந்தது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். தோகையும் கொண்டையும் நியாயமாக வந்தவை.

மற்ற இடங்களில் சிற்பிக்கு விலங்கியல் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு நம் கல்யாண மண்டபம் தெரியும். அங்கே ஜரிகையும் ஒட்டியாணமும் நெத்திச்சுட்டியும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைக்கு ஒரு பட்டு வேட்டி, மாமனார் போட்ட மோதிரம். மினுக்கம் என்றால் பெண் என்பது நம் கணக்கு. அதனால்தான் பள்ளி ஆண்டு விழாவில் தோகை கட்டி ஆடுவது பெண் பிள்ளைகள். '16 வயதினிலே'யில் ஸ்ரீதேவிக்குப் பெயர் மயில். அமெரிக்காக்காரர்களும் 1928-லேயே எலிக்குப் பாவாடை கட்டி, மின்னி என்று பெயர் வைத்தார்கள். காமதேனுவுக்குத் தோகை என்பது பிறந்த வீட்டில் போட்ட நகை. அதில் நான் குறை சொல்லவில்லை.

ஸ்தபதிகளுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். ஒரே ஒரு தூணிலாவது பெண் யாளி செதுக்குங்கள்: பிடரி வேண்டாம், தந்தம் வேண்டாம், காலடியில் இரண்டு குட்டி போதும். செல்ஃபி எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.