எலீஸும் ஒரு ராத்தல் பாணும்: தெஹியோவிட்டத் தோட்டங்களில் ஒரு கேள்வியியல் ஆய்வு

ஷோப்பானின் நொக்டர்னை இன்ன பியானோக் கலைஞர் எப்படி வாசித்தார், கேட்டவர்களுக்கு எந்த இடத்தில் தொண்டை அடைத்தது என்று ஐரோப்பாவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக எழுதித் தள்ளுகிறார்கள். இரவுக்கென்று தனியாகப் பியானோப் பாட்டு எழுதும் வழக்கத்தை 1810களில் தொடக்கிவைத்தவர் அயர்லாந்துக்காரரான ஜோன் ஃபீல்ட். அதை வளர்த்து 21 நொக்டர்ன்கள் விட்டுச் சென்றவர் ஷோப்பான். ஃபீல்டை உரைகல்லாக வைத்துக்கொண்டு ஷோப்பானை வறுத்தெடுத்தார் பெர்லின் விமர்சகர் ரெல்ஷ்டாப். இத்தனை எழுத்திலும் சப்ரகமுவத் தோட்டங்களின் லயக் குடியிருப்புகளில் இருந்து கேட்பவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தப் பெருங்குறையை நீக்கவே இந்த ஆய்வு.

முதலில் களம். கேகாலை மாவட்டத்தில், அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் நடுவே கிடக்கிறது தெஹியோவிட்ட. சுற்றிலும் ரப்பர், இடையிடையே தாழ்நிலத் தேயிலை. அடுத்து, கலைஞர். அவர் ஒரு முச்சக்கர வண்டி. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாண், மாலு பாண், கிம்புலா பனிஸ், சீனி பனிஸ். கூரையில் ஒரு ஒலிபெருக்கி. நாடெங்கும் சூன் பாண் என்று பெயர் பெற்ற இந்த வண்டிகளில் பெரும்பாலானவை வாசிப்பது பீத்தோவனின் ‘எலீஸுக்காக’. இது நொக்டர்ன் அல்லவே, ‘பாகட்டெல்’ எனப்படும் சிறு உருப்படிதானே என்று இசை அறிந்தவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பொழுது புலரும் முன்னரும் பொழுது சாயும் வேளையிலும் இருட்டுக்குள்ளிருந்து வருவதை வேறு எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மூலபாடச் சிக்கலையும் பார்த்துவிட வேண்டும். பீத்தோவன் இறந்தது 1827இல். இந்தப் பாட்டு அச்சேறியது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து, 1867இல், லுட்விக் நோல் என்ற அறிஞரின் கையால். அவர் மியூனிக்கில் பார்த்துப் படியெடுத்த மூலக் கைப்படி பின்னர் காணாமல் போயிற்று. அதில் ஏப்ரல் 27 என்று திகதி இருந்ததாம், ஆண்டு இல்லை. 1810 என்பது பின்னால் வந்தவர்கள் கணித்தது. எலீஸ் யார் என்பதில் இன்றைக்கும் சண்டை. தெரேசா மல்ஃபாட்டி என்பார் ஒருவர். எலிசபெத் ரோக்கெல் என்ற பாடகி என்பார் இன்னொருவர். எலீஸ் பாரென்ஸ்ஃபெல்ட் என்ற சிறுமி என்பது மூன்றாவது கட்சி. தெஹியோவிட்டவில் இதைப் பற்றி அபிப்பிராய பேதம் இல்லை. பாட்டு யாருக்கு என்ற கேள்வியை அங்கே ஒருவரும் எழுப்பியதில்லை. பாண் யாருக்கு, எத்தனை ராத்தல் என்பதே கேள்வி.

இனி வாசிப்பு முறை. மிக மெல்லிய ஒலியில் தொடங்கு என்று குறிப்பு எழுதியிருக்கிறார் பீத்தோவன். ஒலிபெருக்கிக்கு அந்தக் குறிப்பு எட்டவில்லை. பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளிலும் வீட்டு அழைப்பு மணிகளிலும் இருந்த யூஎம்66 என்ற இசைச்சில்லுக்கு மூன்றே கால், 64 சுரம் கொள்ளும் நினைவகம். அந்த வரிசையில் 19ஆம் இலக்கச் சில்லு வாசித்ததும் இதே மெட்டைத்தான். வண்டியின் வாசிப்பும் அந்தச் சில்லுக் குடும்பத்ததே. அதில் மிதிகட்டை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, முக்கியமாக இடக்கை இல்லை. பியானோவில் வலக்கை மெட்டை எடுக்க, இடக்கை கீழிருந்து சுரங்களைச் சிதறிச் சிதறித் தாங்க வேண்டும். இங்கே கலைஞரின் இடக்கை கியரில் இருக்கிறது. மேட்டில் கியர் மாற்றும்போது எஞ்சின் ஒரு உறுமு உறுமும் பாருங்கள், தாழ்சுருதிப் பகுதிக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கர்நாடக இசைக் காதுக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு. முதல் இசைத்தொடரை, ஏ சுரத்தை ஸட்ஜமாக வைத்துச் சுரப்படுத்தினால் ப ம ப ம ப ரி ம க ஸ என்று விழும். முதலிரண்டு மத்திமமும் பிரதி மத்திமம்; ரிஷபத்துக்குப் பிறகு வருவது சுத்த மத்திமம். ஒரே மூச்சில் இரண்டு மத்திமம்! பெஹாக்கிலும் ஹமீர்கல்யாணியிலும் இரண்டும் வரும், ஆனால் அங்கே அதற்கென்று ஒரு நடத்தை ஒழுக்கம் இருக்கிறது. பாண் வண்டியிடம் அந்த ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. லயத்து வாசலில் இருந்து இதுவரை முறைப்பாடு எதுவும் வரவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

சுருதி ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (தோட்டத்து ரோட்டில் அது ஒரு துணிச்சல்). நெருங்கும்போது சுரம் 1.6 சதவீதம் ஏறிக் கேட்கும், தாண்டிப் போனதும் அதே அளவு இறங்கும். இரண்டையும் கூட்டினால், பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதிக்குச் சற்று அதிகம். டொப்ளர் 1842இல் சொன்ன இந்த விளைவைச் சோதிக்க பைஸ் பலோட் 1845இல் ஒல்லாந்தில் ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி ஓடவிட்டார். லயத்தில் இருப்பவருக்கு ரயில் தேவைப்படவில்லை. அடுப்படியில் நின்றபடியே, சுருதி இறங்கிவிட்டதைக் கேட்டு, “ஐயோ, பாண்காரன் தாண்டிட்டான், ஓடு புள்ள!” என்று மகளை விரட்டுகிறவர் இந்தச் சோதனையைத் தினமும் செய்துகொண்டிருக்கிறார்.

கேட்போர் எதிர்வினையை வகைப்படுத்த ஐரோப்பிய அளவுகோல் எதுவும் பொருந்தவில்லை. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளே கை கொடுக்கின்றன. உவகை சொல்லத் தேவையில்லை. அது கிம்புலா பனிஸ் உள்ள இடத்தில் தானாக உண்டாவது. வெகுளி, தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவருக்குரியது. அழுகை விஷயத்தில்தான் மேற்கத்தையக் கோட்பாடு அடியோடு கவிழ்கிறது. பாட்டு ஏ மைனர். மைனர் என்றால் துயரம் என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. தெஹியோவிட்டவில் இந்த மெட்டைக் கேட்டு அழுவது ஒரே ஒரு சாரார், பனிஸ் வாங்கித் தரமாட்டேன் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள். அந்த அழுகைக்கு மைனர் மேஜர் பேதமில்லை.

விரிவாகப் பேச வேண்டியது அச்சம். வண்டியில் பாணோடு ஒரு கொப்பியும் வருகிறது. சம்பளம் பத்தாந் திகதியை ஒட்டிக் கைக்கு வரும். அதற்கு முந்திய நாட்களில் வாங்கிய பாண் எல்லாம் அந்தக் கொப்பியில் ஏறும். சம்பளம் வந்த புதிதில் மெட்டின் ஏழாவது சுரத்துக்குள் வாசலுக்கு வந்துவிடுகிறவர், கொப்பியில் கணக்கு நீள நீள, பாட்டு நெருங்கியதும் கிணற்றடிக்கோ கோழிக்கூட்டுக்கோ போகவேண்டிய அவசரம் ஏற்பட்டு மறைந்துவிடுகிறார். வாசலுக்கு அனுப்பப்படுவது வீட்டின் ஆகச் சிறிய பிள்ளை.

“அம்மா இல்லியா?”

“அம்மா இல்லன்னு சொல்லச் சொன்னாங்க, அண்ணே.”

பீத்தோவனின் இசையில் தலைமறைவாகத் தூண்டும் ஆற்றல் இருப்பதை இதற்கு முன் எந்த ஆய்வாளரும் கண்டு சொன்னதில்லை. சம்பள நாள் அன்று அதே மெட்டுக்கு அதே வீட்டார் பெருமிதம் என்ற மெய்ப்பாட்டோடு, முழு நோட்டை நீட்டியபடி நிற்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாசிப்பில் ஒரு சுரம்கூட மாறியிருக்காது.

இந்த இடத்தில், ஒலி கேட்டதும் நாய்களுக்கு வாயூறப் பழக்கிய பவ்லோவை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கிய அவர், தம் நாய்களுக்கு இசைக்காரர்களின் தாளக்கருவியான மெட்ரோனோமையே அடித்துக் காட்டினார். ஆனால் அந்த நாய்களுக்குக் கொப்பி கிடையாது. மறுக்கவோ ஒளியவோ வழி இல்லாத கேட்போர் அவை. தைவானின் குப்பை லொறிகளும் இதே ‘எலீஸுக்காக’ மெட்டைப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன. அங்கே கேட்டவர் வெளியே கொண்டுவருவது குப்பைப் பை, இங்கே காசு. ஒரே உருப்படி, ஒரே இயந்திர வாசிப்பு, எதிர்த்திசையில் இரண்டு சபை. இசைக்கு உள்ளேயே உணர்ச்சி இருக்கிறது என்று வாதிடுகிறவர்கள் இந்த இரண்டு வாசல்களிலும் ஒரு வாரம் நின்றால் நல்லது.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மண்டலம் இது. தகரக் கூரையில் மழை இறங்கினால் பீத்தோவனாவது பெரிய மேளமாவது, எதுவும் கேட்காது. மழை நாளில் ரப்பர் பால் வெட்டும் இல்லை, ஆட்கள் வீட்டிலேயே. பாணுக்குத் தேவை கூடுகிற நாளில்தான் பாட்டு கேளாமல் போகிறது. காது கேட்காத பீத்தோவனுக்கு இது விளங்கியிருக்கும்.

2022இல் கேட்போர் மீது பெரிய சோதனை ஒன்று நடந்தது. யாரும் கேட்டு நடத்தியதல்ல. பெற்றோல் இல்லை. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர். தெஹியோவிட்டவில் இருந்து தெரணியகலைப் பக்கத்து மேடுகளில் ஏறி இறங்க அது எந்த மூலைக்கு? கோதுமை மா விலையும் ஏறியதால் பாணுக்குப் பதில் ரொட்டி என்ற வழக்கமான சமாளிப்பும் எடுபடவில்லை. மெட்டு நின்ற நாட்களில் அதுவரை இரைச்சல் என்று திட்டியவர்களும் பாண்காரர் எப்போது வருவார் என்று விசாரித்தார்கள். ஒலிமாசு என்று பொலிஸ் கெடுபிடி செய்த காலமும் முன்னர் உண்டு. அப்போது எரிச்சல் பட்டவர்களுக்கும் மெட்டு நின்றபோது எரிச்சல், காரணம் மட்டும் வேறு.

தோட்டத்துக் காதுக்குத் தொலைவில் இருந்து வரும் ஒலி புதிதல்ல. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, அழைத்த தப்பு, தொழிற்சாலைச் சங்கு எல்லாமே வா என்றால் வரவேண்டிய ஒலிகள்; வராவிட்டால் பெயர் விழாது. களனிவெளிச் சிறுபாதையில் 1903 முதல் 1942 வரை யட்டியாந்தோட்டைக்கு ஓடிய ரயிலின் கூவலும் கேட்டிருக்கும், அது யாருக்காகவும் நின்றுகொண்டிராது. கேட்டுவிட்டு எழும்பாமலே இருக்கலாம், “இன்னைக்கு வேணாம்ண்ணே” என்று உள்ளிருந்தே குரல் கொடுக்கலாம் என்ற சலுகையோடு லயத்துக்கு வந்த ஒலி சூன் பாண். ஷோப்பான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கும் இந்த அளவு சுதந்திரம் கிடையாது. நடுவில் எழுந்து போனால் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார்.

ஆய்வுக்கு எட்டாமல் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. ‘எலீஸுக்காக’ முதல் மெட்டோடு முடிவதில்லை. நடுவே எஃப் மேஜரில் ஒரு பிரகாசமான பகுதி, பின்னர் தாழ்சுரம் ஒன்றையே இடித்து இடித்துப் பதற வைக்கும் இன்னொரு பகுதி, ஒவ்வொன்றுக்கும் பிறகு பழைய மெட்டுக்குத் திரும்பல். வண்டி வழியாக மட்டும் பீத்தோவனை அறிந்தவர்களுக்கு இவை இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. லயத்து முடக்கில் வண்டி நின்றதும் பாண்காரர் மெட்டை அணைத்துவிடுகிறார். கண்ணாடிப் பெட்டி திறக்கிறது, மாலு பாண் எத்தனை மிச்சம் என்ற விசாரணை தொடங்குகிறது.